கேட்க மறந்த தங்கபுஷ்பம்

காலடிப்பேட்டை மார்க்கெட் சந்தில் தங்கபுஷ்பத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். மாதா நீலச் சேலையில் வந்து அவளோடு பேசுவாள் என்பார்கள். அவள் கை பட்ட எண்ணெயைத் தடவி முழங்கால் வலி போயிற்று என்பார்கள். அத்தனையும் பொய். சுத்தப் பொய். மாதா வரவுமில்லை, நீலச் சேலை கட்டவுமில்லை. அந்த எண்ணெய், அவள் புருஷன் கடையில் எல்லாருக்கும் அளந்து ஊற்றிய கடலை எண்ணெய்தான். நடந்தது வேறு. அதைத்தான் சொல்லப் போகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அவள் பிறந்தது தெற்கே திசையன்விளைப் பக்கம். பத்தாவது முடித்ததும் அய்யாத்துரைக்குக் கட்டிக்கொடுத்து ரயிலேற்றிவிட்டார்கள். அய்யாத்துரைக்குத் திருவொற்றியூரில், அந்த மார்க்கெட் சந்திலேயே மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை, அதற்கும் பின்னால் ஒரு அடிபம்பு. மூத்தவன் ஜெனிஷ், இளையவள் விண்ணரசி. அய்யாத்துரை நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் காரம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போவார். மீதி நாளுக்கெல்லாம் தன் பங்கையும் சேர்த்து அவள் கும்பிட்டுக்கொள்ளட்டும் என்பார்.

அவளுக்குக் கடையில் பொட்டலம் மடிக்கும் வேலை. பழைய பேப்பரைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டி, மிளகோ சீரகமோ ஒரு பிடி போட்டு, வாயை மடக்கி, நூலால் இரண்டு சுற்று சுற்றி இழுத்து அறுக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஜனங்கள் அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு உலை வைக்கிறவர்கள். பெரிய பாக்கெட் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு நாளைக்கு முந்நூறு பொட்டலமாவது மடிக்க வேண்டியிருந்தது.

தொண்ணூற்றேழு சித்திரையில் ஒரு மதியம். ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உரக் கம்பெனிப் பக்கமிருந்து வந்த காற்று மூக்கை எரித்தது. தங்கபுஷ்பம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து சீரகம் மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது சத்தமெல்லாம் ஓர் அடி தள்ளிப் போனது. நிற்கவில்லை, ஓயவில்லை, தள்ளிப் போனது, அவ்வளவுதான். காற்றில் எரிச்சல் இல்லை. வெயில் இருந்தது, சூடு இல்லை. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மத்தியானத் தூக்கத்தில் பக்கத்தில் பிள்ளை படுத்திருப்பது கண்ணைத் திறக்காமலே தெரியுமே, அப்படித் தெரிந்தது. தாகம் இல்லை. முதுகு வலி இல்லை. என்ன குழம்பு வைப்பது என்ற யோசனை இல்லை. தான் யார், யார் பெண்டாட்டி, எந்த ஊர் என்பதெல்லாம் செருப்பைப் போல எங்கோ வெளியில் கழன்று கிடந்தது. போதும் என்பதுகூட அங்கே தோன்றவில்லை, ஏனென்றால் வேண்டும் என்பதே தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது வெயில் சுவரேறியிருந்தது. மடியைச் சுற்றி எண்பது தொண்ணூறு பொட்டலம் கிடந்தது. கை பாட்டுக்கு மடித்திருக்கிறது. சீரகம் தீர்ந்ததும் பக்கத்திலிருந்த சோம்பு, அது தீர்ந்ததும் கடுகு, கடைசியில் எல்லாம் கலந்து. அய்யாத்துரை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, காது என்ன அடைச்சிப் போச்சா? எத்தன தடவ கூப்பிடுதேன்! இது என்ன, சீரகத்துல கடுகு? எவனாவது வாங்கிட்டுப் போயி மூஞ்சில எறியட்டும், அப்பத் தெரியும் சேதி."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை; உள்ளே மிச்சமிருந்தது அப்படி வழிந்தது. அய்யாத்துரைக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.

அப்புறம் அது அடிக்கடி வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. எப்போது வரும் என்று கணக்கில்லை. தோசைக் கல் முன்னால் வரும், அடிபம்பில் வரும். வேலை நிற்காது, கை தன் பாட்டைப் பார்க்கும். ஆனால் கைக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு நாள் விண்ணரசி தலையில் மூன்று சடையோடு பள்ளிக்கூடம் போய் அழுதுகொண்டு வந்தாள். தங்கபுஷ்பம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்தவர் யாரென்றே தெரியாது. ஆனால் அவர் வர நாளானால் சோறு இறங்காது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஓர் ஏக்கமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தெருவுக்குத் தெரிந்தது அடுத்த வருஷம் அக்டோபரில். அது ஜெபமாலை மாதம். சுரூபம் என்கிற மாதா சிலை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும், அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் நின்று ஜெபமாலை சொல்ல வேண்டும். அய்யாத்துரை வீட்டு முறை வந்தது. அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. எதிர்வீட்டு மலர்க்கொடியும் சுண்டலுக்காக வந்திருந்தாள். அவள் வியாசர்பாடியில் பிறந்தவள். வீட்டில் புத்தர் படமும் உண்டு, அம்மன் படமும் உண்டு, யார் வீட்டு விசேஷத்துக்கும் வித்தியாசம் பார்க்காமல் வருவாள். தங்கபுஷ்பம் மெழுகுவத்தியோடு நின்று ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நின்றாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு கிழவர் இருமினார். ஜெனிஷ் அம்மாவின் முழங்கையை இடித்துப் பார்த்தான். மெழுகு உருகி அவள் கட்டைவிரல் மேல் வழிந்து உறைந்தது; அவள் அசையவில்லை. முகத்தில் மட்டும் என்னவோ. அதைப் பார்த்தவர்கள் வெகுநாளைக்கு அதைப் பற்றிப் பேசினார்கள், ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கால்மணி நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து மணியை உருட்டத் தொடங்கினாள். அதற்குள் பாதிப்பேர் அழுதிருந்தார்கள். சுண்டலை அன்று யாரும் கேட்கவில்லை, மலர்க்கொடி உட்பட.

மறுநாள் காலையிலேயே மலர்க்கொடி வந்துவிட்டாள்.

"அக்கா, உனுக்கு சாமி வருதுன்னு ஒரு வார்த்த சொன்னியா? இத்தினி வருசமா எதுத்தாப்புல குந்திகினு கீறேன். சரி, வுடு. எனுக்கு ஒரு குறி சொல்லு."

"குறியுமில்ல, ஒண்ணுமில்ல. நீ போ."

"அப்டீன்னா உங்காளு கைல ஒண்ணு கேட்டு சொல்லு. எம் புருசன் பரசுராமன் குடிய வுடுவானா, மாட்டானா? ரொம்ப பேஜாரா கீதுக்கா."

மலர்க்கொடி கண்ணில் தண்ணீர் நின்றது. தங்கபுஷ்பத்துக்கு மறுக்க மனம் வரவில்லை. கேட்கிறேன் என்றாள். அங்கேதான் வம்பு தொடங்கியது.

ஒருத்திக்குச் சரி என்றால் ஊருக்கே சரி என்று ஆகிவிடும். ஹார்பரில் வேலை, அடகில் கிடக்கிற வளையல், ஆறு வருஷமாகத் தங்காத கரு, நெட்டுக்குப்பத்துப் பெண்ணுக்கு வந்த வரன் என்று மல்லி வாங்க வருகிறவர்கள் எல்லாம் குனிந்து அவள் காதில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் மனசாரத்தான் வாங்கிக்கொண்டாள். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் எல்லாம் மறந்துவிடும். ஒன்றுகூட நினைவில் நிற்காது. எப்படி நிற்கும்? அங்கே யாருக்கும் எதுவும் குறையே இல்லையே. திரும்பி வந்து லாரி ஹாரன் காதில் விழுந்ததும்தான், ஐயையோ மலர்க்கொடி புருஷன் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள்.

துண்டுச் சீட்டில் எழுதி இடுப்பில் செருகிப் பார்த்தாள். சேலை முனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். ஏழு முடிச்சோடு போவாள், ஏழு முடிச்சோடு திரும்பி வருவாள். இதில் இன்னொரு கொடுமை, கேட்காத காரியங்களில் சிலது தானாகவே நடந்துவிட்டது. ஹார்பர் வேலை கிடைத்தது. நெட்டுக்குப்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. மலர்க்கொடி புருஷன் மட்டும் குடித்துக்கொண்டேயிருந்தான். நடந்ததை வைத்துக்கொண்டு ஜனம் இன்னும் அதிகமாக வந்தது. நடக்காததை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்?

மாதா கோயில் பங்குச் சாமியார் அருள்பிரகாசத்துக்குச் செய்தி போய், அவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வயசானவர், சர்க்கரை நோயாளி, இந்த மாதிரிச் சங்கதிகளில் ஏமாந்து ஏமாந்து அலுத்தவர்.

"என்னம்மா பாக்கறீங்க அங்க?"

"ஒண்ணும் பாக்கல சாமி."

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்ப என்னதான் நடக்குது?"

"பக்கத்துல இருக்காவ, அவ்வளவுதான் சாமி." பிறகு, பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள்: "ஊர்ல உள்ளவுக சொல்லிவிடுதத எல்லாம் கேக்க மறந்துருதேன். ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் கேட்டதில்ல. எல்லாரையும் ஏமாத்திட்டு இருக்கேன்."

சாமியார் சிரித்தார். இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் இனிமேல் எதையும் வாங்கிக்கொள்ள வேண்டாம், எண்ணெய் கிண்ணெய் தர வேண்டாம், வந்தால் வரட்டும், போனால் போகட்டும், பொட்டலத்தை மடியுங்கள் என்று அனுப்பிவைத்தார். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் தேவ செய்தி என்று அவரிடம் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவர்கள். கேட்க மறந்துவிட்டேன் என்று அழுதவள் இவள் ஒருத்திதான்.

இப்படியே ஐந்து வருஷம் போயிற்று. ஜெனிஷ் மீஞ்சூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிக்கொண்டான். விண்ணரசி பத்தாவதுக்கு வந்தாள். இரண்டாயிரத்து மூன்று. அந்த வருஷம் பம்பில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஊரே காத்துக் கிடந்தது. கார்த்திகை மாதம் விண்ணரசிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நாக்குக் குழறியது. நான்காம் நாள் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

மூளைக்காய்ச்சல் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். மருந்து போகிறது, பார்க்கலாம் என்றார். எழுந்தாலும் காது, கண் எதுவும் போயிருக்கலாம், எதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். தங்கபுஷ்பம் இரும்புக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மலர்க்கொடி தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வருவாள், குடிக்காததைத் திருப்பி எடுத்துப் போவாள்.

ஆறாம் நாள் அய்யாத்துரை அவளை வார்டுக்கு வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு சொல் தாழ்ந்து பேசாத மனுஷன், படியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத்தன வருசமா உன்ன ஏசிட்டேன். சீரகத்துல நீ கடுகப் போட்டேன்னு ஏசினேன். இனிமே ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். ஒருக்கா, ஒரே ஒருக்கா அங்க போயி நம்ம புள்ளைய திருப்பிக் கேளு."

"மறந்துருவேனே." என்றாள் அவள். "அங்க போனா எனக்கு ஒண்ணும் நெனவு நிக்காதே."

"ஊர்க்காரன் சங்கதி மறக்கும். பெத்த புள்ளைய எவளாவது மறப்பாளா?"

அவள் மறந்திருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். ஜெனிஷ், விண்ணரசி என்று இரண்டு பிள்ளைகள் இருப்பதே அங்கே அவளுக்குத் தெரியாது. அது தெரியாமல்தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். இத்தனை வருஷம் இது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இப்போது, ஆஸ்பத்திரிப் படியில், அதுதான் பெரிய குறையாகத் தெரிந்தது.

ஆனாலும் சரி என்றாள். நர்ஸிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் விண்ணரசி என்று எழுதிக்கொண்டாள். வேர்வையில் அழிய அழிய, அழுத்தி அழுத்தி எழுதினாள். கண்ணை மூடிக் கூப்பிட்டாள். வரவில்லை. கூப்பிட்டு வருகிற ஆள் இல்லையே அது. ஏழாம் நாள் வரவில்லை, எட்டாம் நாள் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம். மலர்க்கொடி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் ஈரத்துணியால் விண்ணரசியின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். அப்போது மின்விசிறிச் சத்தம் ஓர் அடி தள்ளிப் போனது.

வந்துவிட்டது. எத்தனை நாளைக்கு அப்புறம்! ஃபினாயில் நெடி விலகியது. ஜன்னல் வெளிச்சம் முகத்துவாரத்துத் தண்ணீரைப் போல மெதுவாக ஏறியது. நாள் கணக்காக உட்கார்ந்து மரத்த இடுப்பு லேசானது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. இன்னும் ஒரு மூச்சு விட்டால் போதும், எல்லாம் கழன்றுவிடும். கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாள். மை தெரிந்தது, எழுத்து கூடவில்லை. துணி எந்தப் பாதத்தின் மேல் இருக்கிறது என்பதும் மங்கியது. யாருடைய பாதம் இது? இவ்வளவு இனிமையாக இருக்கிறதே, யாருடையதாக இருந்தால் என்ன?

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குள் ஏதோ சடாரென்று எழுந்து நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்தாள். துரு உள்ளங்கையைக் கிழித்தது. பிடியை விடவில்லை.

"வராதீய," என்றாள். வாய்விட்டே சொன்னாள். "இப்ப வராதீய. எம் புள்ள கெடக்கது தெரியலயா? அங்க வந்தா இவள மறந்துருவேன். நான் மறக்க மாட்டேன். நீங்க போங்க. போங்கன்னு சொல்லுதேன்லா!"

"அக்கா! யார் கைல பேசற?" மலர்க்கொடி விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

சத்தம் திரும்பி வந்தது. மின்விசிறி, அடுத்த கட்டில் முனகல், டிராலிச் சக்கரம், எல்லாம் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவளுக்குப் புரிந்தது: துரத்தியே விட்டாள். பிள்ளைக்காக எதையும் கேட்கவும் இல்லை. வாசல் வரை வந்தவரிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மலர்க்கொடி அவளைக் கட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே கூட அழுதாள்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு விண்ணரசி கண்ணைத் திறந்து, கையில் ஊசி வலிக்கிறது என்றாள். இடது காது போனது போனதுதான். மற்றபடி ஒரு குறையும் இல்லை. டாக்டர் மருந்து என்றார். தெரு மாதா செய்த புதுமை, அற்புதம் என்றது. எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷம் சொல்லி முடியாது. ஆனால் அது வரவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று, வரவில்லை. அதே மதியம், அதே பொட்டலம், அதே லாரிகள். ஹாரன் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் மடித்த பொட்டலத்தில் ஒரு கடுகுகூட மாறிப் போகவில்லை. அய்யாத்துரை அதைப் பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். புருஷனைப் பறிகொடுத்தவளைப் போல அவள் இளைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் எதிரிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஈஸ்டருக்கு முன்னால், தவக்காலத்துக் கடைசி வாரம், பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கூட விண்ணரசியும் வந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தொட்டி என்கிற மரக் கூண்டுக்குள்ளே அருள்பிரகாசம் சாமியார். தங்கபுஷ்பம் வலைச் சட்டத்துக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, கார்த்திகை மாதம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வந்தவகள வாசல்லயே நிறுத்திட்டேன் சாமி. போங்கன்னு வெரட்டிட்டேன்."

"இது பாவமில்லம்மா. ஒரு தாய் வேற எப்படிச் செய்வா?"

"பாவம்னு சொல்லுங்க சாமி."

"இல்லாத பாவத்த நான் எப்படிச் சொல்றது?"

"பாவம்னாத்தான மன்னிப்பு உண்டு? மன்னிச்சாத்தான திரும்பி வருவாவ?" அவள் வலைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அவுக இல்லாம முடியல சாமி."

சாமியார் சட்டத்துக்கு அருகே குனிந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சரி, பாவம்னே வெச்சுக்குவோம். செஞ்சதுக்கு மனஸ்தாபப்படறீங்களா, மனசார வருத்தப்படறீங்களா? அது இல்லாம நான் மன்னிப்புக் கொடுக்க முடியாது. உங்களுக்கே தெரியும். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவள் மனசுக்குள் தேடினாள். உண்மையாகவே தேடினாள். வலைச் சட்டத்தின் ஓரமாகப் பெஞ்சு தெரிந்தது. விண்ணரசி நல்ல காதைப் பீடத்துப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வருத்தம் வரலியே சாமி," என்று அழுதாள். "நாளைக்கே அவ மறுபடி அப்படிக் கெடந்தா, நாளைக்கும் நிறுத்துவேன்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொல்ல நினைத்து, ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். அதற்குள், ஒரு காது கேட்காததால் தன் சத்தம் எவ்வளவு பெரிதென்று தெரியாத விண்ணரசி, கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்: "எம்மா! எவ்ளோ நேரம்மா?"

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் சாமியார்.

"புள்ள கூப்பிடுதா சாமி," என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் எழுந்து போய்விட்டாள்.